பட்டறைக்குள் ஒரு கணக்கு ஆசிரியர்

கடைசல் யந்திரத்தின் முன்னால் நிற்கும் பதினேழு வயது வாலிபன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். யந்திரத்தில் பூட்டியிருக்கும் எஃகுத் தண்டின் விட்டம் 50 மில்லிமீட்டர். வெட்டுளி அதன்மேல் நிமிஷத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும் என்று பாடம் சொல்லுகிறது. அப்படியானால் தண்டு நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும்? முப்பதை ஆயிரத்தால் பெருக்கி, அதை ‘பை’ என்னும் எண்ணும் விட்டமும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுத்தால், ஏறக்குறைய 191 என்று விடை வரும். கடையக் கடைய விட்டம் 25 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டால், அதே வெட்டு வேகத்துக்குச் சுற்று 382 ஆக உயர வேண்டும். இந்தக் கணக்கை அறிந்தவன் தானே நெம்புகோலை மாற்றுகிறான். அறியாதவனோ, பக்கத்து யந்திரத்தில் நிற்பவன் எந்த எண்ணில் வைத்திருக்கிறான் என்று எட்டிப் பார்த்து அதையே தானும் வைக்கிறான். இருவருடைய கைகளும் ஒரே லாவகம் உடையவையாக இருக்கலாம். ஆயினும் ஐந்தாண்டு கழித்து, ஒருவன் வேலையை அமைத்துக் கொடுக்கும் செட்டராகவும், மற்றவன் பிறர் அமைத்துக் கொடுத்ததை ஓட்டும் ஆபரேட்டராகவும் இருப்பதற்கு அந்தச் சின்னஞ்சிறு வகுத்தல் கணக்கே காரணமாகிவிடுகிறது.

நம் தமிழ்நாட்டின் தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றி நாம் சொல்ல விரும்புவது இந்த ஒரு விஷயந்தான். ஐ.டி.ஐ. என்று ஊரார் அழைக்கும் அந்நிலையங்களுக்கு யந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன; வரட்டும். ஆனால் அந்த யந்திரத்தின் முன் நிற்கப்போகிற பிள்ளைக்குப் பின்னமும் தசமமும் வாசிப்பும் எழுத்தும் சரிவரக் கற்பிக்க, அதையே தம் முழுநேரப் பொறுப்பாகக் கொண்ட ஆசிரியர்கள் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும் என்றும், அவ்வாறில்லாதவரை நாம் செலவிடும் கோடிகளின் பயன் பாதியளவே கைகூடும் என்றும் நாம் உறுதியாகக் கருதுகிறோம்.

அரசாங்கம் செய்திருப்பதைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. 2022-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி, இளைஞர்களின் திறனை வளர்க்கும் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாய்ச் செலவில் நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது. விலையில்லாச் சைக்கிளும், பஸ் பாஸும், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பெற்று ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். இவையெல்லாம் மனமுவந்து பாராட்டத் தக்கவை. ஆனால், கணினி வழிநடத்தும் யந்திரம் பழைய யந்திரத்தைவிடக் கணக்கை மிகுதியாகக் கேட்பது. ஆதலால் யந்திரம் உயர உயர, அதை அணுகுகிறவனுடைய அடிப்படைக் கல்வியும் உயர்ந்தே தீர வேண்டும்.

இந்த நிலையங்களுக்கு வருகிறவர்கள் யார் என்பதையும் சற்று நினைவில் கொள்ள வேண்டும். பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர் முதலிய பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பற்றவைப்பவர், கம்பியாள் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். எட்டாம் வகுப்புவரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை என்பது நம் மாநிலம் கைக்கொண்டிருக்கும் கொள்கை. அதை நாம் முழுமனத்தோடு ஆதரிக்கிறோம். தேர்வில் தவறிய அவமானத்தால் பள்ளியை விட்டு ஓடிய பிள்ளைகளின் கதை நமக்குத் தெரியும். ஆயினும் அந்தக் கொள்கைக்கு மறுபக்கமான கடமை ஒன்று உண்டு. பள்ளியில் எவ்வளவோ காரணங்களால் பின்தங்கிப்போன பிள்ளை, பின்னத்தைக் கண்டால் அஞ்சும் மனத்தோடும், ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும் கூச்சத்தோடும் பட்டறைக்குள் நுழையும்போது, அவனைக் கைதூக்கி விடுவதற்கு அங்கே ஒருவர் இருந்தாக வேண்டும்.

பாடத்திட்டத்தில் இவற்றுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. பட்டறைக் கணக்கும் அறிவியலும் இருக்கிறது. பொறியியல் வரைபடம் இருக்கிறது. வேலைவாய்ப்புத் திறன் என்று ஒரு பாடமும் இருக்கிறது. ஆனால் இப்பாடங்கள், மாணவன் முன்னமே பள்ளிக் கணக்கை அறிந்திருக்கிறான் என்னும் அனுமானத்தின்மேல் எழுப்பப்பட்டவை. வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான அளவில் 49 மில்லிமீட்டர் நீளத்தை வெர்னியரில் 50 பாகமாகப் பிரித்திருப்பதால் அதன் மீச்சிறு அளவு 0.02 மில்லிமீட்டர் ஆகிறது என்று கரும்பலகையில் எழுதிப் போடலாம். மாணவனும் அதை அப்படியே குறித்துக்கொள்வான். ஆனால் 0.02-க்கும் 0.2-க்கும் உள்ள தாரதம்மியம் அவன் மனத்தில் பதியாதிருந்தால், அவன் கையில் இருப்பது கருவியன்று; பளபளக்கும் ஓர் எஃகுத் துண்டு. 25 மில்லிமீட்டர்த் துளைக்குள் வழுக்கிச் செல்ல வேண்டிய தண்டின் விட்டத்தில் அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 13 பாகந்தான் என்று வரைபடம் விதிக்கும்போது, அந்தப் பதின்மூன்றின் அருமையை உணர்ந்தவனே பொருளைக் கெடுக்காமல் கடைவான்.

வரைபடத்தின் விஷயம் இதனினும் நுட்பமானது. நம் நாட்டில் கற்பிப்பது முதற்கோண வீழ்ப்பு முறை. அதில் மேலிருந்து பார்த்த தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரையப்படும். அமெரிக்காவில் வழங்குவது மூன்றாங்கோண முறை. அதில் மேல்தோற்றம் மேலேயே இருக்கும். வெளிநாட்டுக்குப் பொருள் செய்தனுப்பும் தொழிற்சாலைக்கு இரண்டு முறையிலும் வரைபடங்கள் வரக்கூடும். தாளின் மூலையில் அச்சிட்டிருக்கும், நுனி வெட்டிய கூம்பின் சின்னஞ்சிறு அடையாளத்தைப் பார்த்து இது எந்த முறை என்று அறிந்துகொள்ளாதவன், வலப்பக்கம் இட வேண்டிய துளையை இடப்பக்கம் இட்டுவிடுவான். அதற்காக அவன் சூப்பர்வைசரிடம் வசவு வாங்கும்போது, கைத்திறன் போதாது என்றுதான் எல்லாரும் எண்ணுவார்கள். உண்மையில் போதாமலிருந்தது வாசிப்பு.

வேலைவாய்ப்புத் திறன் என்று நாம் சொல்லுவது எது என்பதிலேயே ஒரு மயக்கம் நிலவுகிறது. சட்டையை உள்ளே விட்டுக்கொள்வதும், ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் மனப்பாடமாக ஒப்பிப்பதும், கைகுலுக்கும் முறையுமே அது என்று பல இடங்களில் எண்ணிவிடுகிறார்கள். வெளித் தோற்றமும் வேண்டியதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் தொழிற்சாலைக்குள் கால் வைத்த முதல் மாதத்தில் ஒரு வாலிபனுக்கு உண்மையாகத் தேவைப்படுவன வேறு. ஷிஃப்ட் முடியும்போது யந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அடுத்து வருபவனுக்கு விளங்கும்படி நான்கு வரி எழுதத் தெரிய வேண்டும். புரியாததைப் புரியவில்லை என்று மேலாளரிடம் தயங்காமல் சொல்லும் தைரியம் வேண்டும். அபாய அறிவிப்பைப் படித்துப் பொருள் கொள்ள வேண்டும். சம்பளச் சீட்டைக் கையில் வாங்கினால், வருங்கால வைப்பு நிதிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு பிடித்திருக்கிறார்களா, ஈ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு முக்கால் பிடித்திருக்கிறார்களா என்று தானே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தொழில் பழகுநராகச் சேருகிறவன், தான் அந்தச் சட்டப்படி தொழிலாளி அல்லன், பயிற்சி பெறுபவனே என்பதையும், அதனால் தனக்கு எவை உண்டு, எவை இல்லை என்பதையும் கையெழுத்திடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இவையன்றோ திறன்கள்? இவற்றையெல்லாம் கணினியில் விடையைத் தேர்ந்து அழுத்தும் தேர்வு ஒன்றினால் சோதித்துவிட முடியும் என்பது நமக்கு நம்பிக்கை தருவதாயில்லை. ஈராண்டுப் பயிற்சி முடித்தும் ஒரு முழு வாக்கியம் எழுத நேராமலே ஒருவன் சான்றிதழ் பெற்று வெளியேறக்கூடும் என்றால், அந்த முறையைத் திருத்தத்தான் வேண்டும்.

‘பள்ளிப் படிப்பு பிடிக்காமல்தானே இங்கே வந்திருக்கிறார்கள்; மறுபடியும் அவர்களை வகுப்பில் உட்கார வைப்பது கொடுமையல்லவா’ என்று கேட்பவர்கள் உண்டு. ஜி.டி. நாயுடு அவர்களைச் சுட்டிக்காட்டி, முறையான படிப்பில்லாத மேதையை நம் கோயம்புத்தூர் தரவில்லையா என்று வாதிப்பவர்களும் உண்டு. நாயுடு அவர்களிடம் நமக்குள்ள மதிப்பு பெரிது. ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்ற அந்த மனிதர், 1945-இல் அதே ஊரில் தொழிற்கல்வி நிலையம் உருவாவதற்குத் தாமே பொருளும் முயற்சியும் ஈந்தார் என்பதை அவ்வாறு வாதிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். தாம் தனியே பட்ட பிரயாசையைப் பிறர் படலாகாது என்று எண்ணியவரையே படிப்புக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது நியாயமன்று.

வகுப்பில் உட்கார வைப்பதைப் பற்றிய ஆட்சேபத்தில் ஓர் உண்மை இருக்கிறது. பள்ளியில் கசந்த கணக்கை அதே முறையில் மீண்டும் புகட்டினால் மீண்டும் கசக்கத்தான் செய்யும். ஆனால் பின்னத்தைக் கரும்பலகையில் கற்பிப்பது வேறு. மைக்ரோமீட்டரின் திருகை அரைச் சுற்றுத் திருப்பச் சொல்லி, எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டுக் கற்பிப்பது வேறு. கைத்தொழிலின் வழியாகவே கல்வி நடைபெற வேண்டும் என்று காந்தியடிகள் 1937-இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த கருத்தைப் பள்ளிகளில் நாம் நிலைநாட்டத் தவறினோம். அதற்கு இயல்பான இடமாகிய பட்டறையிலாவது அதைக் கைக்கொள்ளலாம் அல்லவா? ஜெர்மனியில் தொழில் பழகும் வாலிபன் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குச் சென்று தாய்மொழியும் கணக்கும் சமூகவியலும் படித்துவிட்டுத்தான் மற்ற நாட்களில் ஆலைக்குப் போகிறான். அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஜாப் கோர் என்னும் அமைப்பு, 16 முதல் 24 வயதுவரையுள்ள ஏழை வாலிபர்களைப் பெரும்பாலும் விடுதியில் தங்கவைத்துத் தொழில் கற்பிக்கையில், வாசிப்பையும் கணக்கையும் விட்டுப்போன உயர்நிலைப் பள்ளிப் படிப்பையும் உடன் சேர்த்தே கற்பித்து வந்திருக்கிறது. கையும் கல்வியும் பிரிக்கத் தகாதவை என்பதை அத்தேசங்கள் செலவுக் கணக்கிலேயே எழுதிவைத்தன.

ஆலைக்காரர்களே வேண்டியதைக் கற்றுக்கொடுத்துக் கொள்வார்கள் என்பது மற்றொரு வாதம். பெரிய ஆலைகள் சில அவ்வாறு செய்யும். ஆனால் ஆலை கற்பிப்பது தன் யந்திரத்துக்கு வேண்டிய அளவே. அந்த ஆலை கதவடைத்தாலும், யந்திரம் மாறினாலும், மீண்டும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வல்லமையை அளிப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு மறுவாழ்வு அளிப்பதற்காக 1945-இல் தோன்றிய இலாகாவிலிருந்து வளர்ந்து, 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமாக உருவெடுத்தது இந்தத் தொழிற்பயிற்சி ஏற்பாடு. மனிதனுக்கு வாழ்வு தருவதே அதன் ஆதி நோக்கம். ஆலைக்கு ஆள் சேர்ப்பது அதன்பின் வந்த பயன்.

ஆகவே நாம் கேட்பது மிகையன்று. சேர்க்கை முடிந்த முதல் ஆறு வாரத்தில் ஒவ்வொரு மாணவனுடைய வாசிப்பும் கணக்கும் எந்த நிலையில் உள்ளன என்று, மதிப்பெண் பட்டியலில் ஏற்றாமல், அன்போடு அறிந்துகொள்ள வேண்டும். பின்தங்கியவர்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மாலையில் வேலைக்குப் போய்க் குடும்பத்துக்குச் சம்பாதிக்கும் பிள்ளைகள் அநேகர் ஆதலால், அந்த மணி நேரம் பயிற்சி நேரத்துக்குள்ளேயே அமைய வேண்டும். ஆங்கிலத்திலிருக்கும் வரைபடச் சொற்களைத் தமிழில் விளக்கும் கையடக்கமான அகராதி ஒன்று ஒவ்வொரு மாணவனுடைய சட்டைப் பையிலும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கனவே பட்டறைப் பாரம் முழுவதையும் சுமந்துகொண்டிருக்கும் பயிற்றுநர் தலையிலேயே இதையும் ஏற்றாமல், ஒரு கணக்கு ஆசிரியரும் ஒரு மொழியாசிரியரும் நிலையத்துக்கு நிலையம் நியமிக்கப்பட வேண்டும். 2,877 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட பெருந்திட்டத்தின் பக்கத்தில், அந்த 71 நிலையங்களுக்கு 142 ஆசிரியர்களின் சம்பளம் அரசாங்கத்துக்குத் தாங்க முடியாத சுமையன்று. வரும் சேர்க்கைக்கு விண்ணப்பம் கோரும் அறிவிப்போடு, அந்த 142 பேரின் நியமன ஆணையும் வெளிவர வேண்டும்.