பெரிய வில்லைதான் சிறந்ததா?

பள்ளிப் புகைப்படக் கழகம் சேமித்த பணத்தில் கேமராவுக்கு ஒரு லென்ஸ், அதாவது வில்லை, வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதைத் தேர்ந்தெடுப்பது? கடையில் இருப்பவற்றுள் ஆகப் பெரியதைத்தான் பலர் சுட்டிக்காட்டுவர். பெரிய வில்லை என்றால் நல்ல வில்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், பள்ளி மாணவர்களுக்கு முதலில் தேவைப்படுவது சிறிய, இலேசான வில்லையே என்பது என் கருத்து.

வில்லை ஏன் பெரிதாகிறது? முதற்காரணம் ஒளி. வில்லையின் ஒளித்துளை எவ்வளவு அகலமானது என்பதை எஃப் எண் காட்டுகிறது. எண் குறையக் குறையத் துளை அகலமாகும். 50 மில்லிமீட்டர் வில்லையில் எஃப் 1.8 என்றால் துளையின் விட்டம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர், எஃப் 1.2 என்றால் ஏறக்குறைய 42 மில்லிமீட்டர். அகன்ற துளைக்குப் பெரிய கண்ணாடிகள் வேண்டும். படத்தின் ஓரங்களும் தெளிவாக இருக்க, கூடுதல் கண்ணாடிகளையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது காரணம் தானியங்கிக் குவியம். நாம் பொத்தானை இலேசாக அழுத்தியதும் வில்லைக்குள் இருக்கும் சிறு மோட்டார் கண்ணாடிகளை நகர்த்திப் படத்தைத் தெளிவாக்குகிறது. நகர்த்த வேண்டிய கண்ணாடி கனமாக இருந்தால் மோட்டாரும் வலிமையானதாக இருக்க வேண்டும். இதனால் எடை மேலும் கூடுகிறது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். கேனன் நிறுவனத்தின் ஆர்.எஃப் வகை 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 வில்லையின் எடை 160 கிராம். அதே நிறுவனத்தின் எஃப் 1.2 வில்லையின் எடை 950 கிராம். பெரியது சிறியதைவிட 2.25 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. எடையோ ஏறக்குறைய ஆறு மடங்கு. விலை வேறுபாடு அதனினும் அதிகம். திருமணங்களைப் படமெடுத்துப் பிழைப்பு நடத்துபவருக்கு அந்தக் கூடுதல் ஒளி பயன்தரும். பள்ளிப் பொங்கல் விழாவைப் பகலில் படமெடுக்கும் மாணவருக்கு அது தேவையா?

இக்கருத்தை மறுப்போரும் உள்ளனர். அவர்கள் கூறுவதையும் நாம் கேட்க வேண்டும். ஜொகூரின் தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையாகும். 2003-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தின் சதுப்புநிலக் காட்டில் மீன்கொத்தியைப் படமெடுக்க நீண்ட வில்லை வேண்டும். கேனனின் 600 மில்லிமீட்டர் எஃப் 4 வில்லை 3 கிலோகிராமுக்கும் சற்று அதிகம். எஃப் 11 வில்லை 930 கிராம் மட்டுமே. ஆனால், எஃப் 4 வில்லைக்குள் நுழையும் ஒளியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் எஃப் 11 வில்லைக்குள் நுழையும். மங்கிய ஒளியில், பாயும் பறவை அதில் மங்கலாகப் பதியக்கூடும். மேலும், சில கேமராக்களில் இந்தச் சிறிய வில்லையைப் பொருத்தினால் படச் சட்டகத்தின் நடுப்பகுதியில் மட்டுமே தானியங்கிக் குவியம் இயங்கும். எனவே, அளவு குறைந்தால் இழப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பறவைகளையோ இரவு நேர விளையாட்டுகளையோ தொடர்ந்து படமெடுப்பவர் பெரிய வில்லையை நாடுவது நியாயமே.

எனினும், எடைதான் திறனின் அளவுகோல் என்று கூற முடியாது. சோனி நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட 70-200 மில்லிமீட்டர் எஃப் 2.8 வில்லை 1480 கிராம். 2021-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 1045 கிராம். ஒளித்துளை அதேதான், எடை குறைந்தது, தானியங்கிக் குவியத்தின் வேகமோ கூடியது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு இது நல்ல சான்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் இல்லாத வில்லை படம் எடுக்காது. 1276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையில் ஏறும்போது, தண்ணீர்ப் புட்டியோடு ஒரு கிலோகிராம் வில்லையையும் சுமக்க எத்தனை பேர் விரும்புவர்? தைப்பூசக் கூட்டத்தில் காவடிகளுக்கிடையே நடக்கும்போது சிறிய வில்லையே கைக்கு அடக்கமாக இருக்கும். கனமான வில்லை சில நாள்களில் அலமாரிக்குப் போய்விடும். இலேசான வில்லை தோளிலேயே இருக்கும்.

இதில் இன்னொன்றும் அடங்கியுள்ளது. பெரிய வில்லை இருந்தால்தான் நல்ல படம் வரும் என்று நம்பும் மாணவர், அதை வாங்க வசதியில்லை என்றால் படமெடுப்பதையே கைவிடுவார். அல்லது பெற்றோரைக் கடனாளியாக்குவார். கழகமும் ஒரே பெரிய வில்லையை வாங்கினால், அது ஓரிருவர் கையிலேயே தங்கிவிடும். அதே பணத்தில் சில சிறிய வில்லைகளை வாங்கினால், பலர் பழகலாம். கற்றலில் சமவாய்ப்பு என்பது இத்தகைய சிறு முடிவுகளிலும் இருக்கிறது.

ஆகவே, வில்லை வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதைப் படமெடுக்கப் போகிறேன்? எவ்வளவு ஒளியில் எடுக்கப் போகிறேன்? இதை நாள் முழுவதும் சுமப்பேனா? விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் என்றனர் நம் முன்னோர். சிறியதில் தொடங்குங்கள். அதனால் எடுக்க முடியாத படம் எது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும் நாளில், பெரியதைப் பற்றிச் சிந்திக்கலாம்.