விண்வெளியில் கல்லெறிதல்

கரிவலம்வந்தநல்லூர் மொட்டை மாடியில நின்னா, சில நாள் அந்தி நேரத்துல சர்வதேச விண்வெளி நிலையம் நட்சத்திரம் மாதிரி நகர்ந்து போறதைப் பார்க்கலாம். 2035-க்குள்ள நமக்குன்னு ஒண்ணு கட்டப்போறோம்ல, எதிரி நாடு அதைத் தாக்கினா என்ன செய்றதுன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார்.

குறி வெச்சு அடிக்கணும்னே இல்ல மக்களே. 2021 நவம்பர் 15-ல் ரஷ்யா தன்னோட பழைய செயற்கைக்கோளையே ஏவுகணையால உடைச்சுது. 1500-க்கும் மேல துண்டுகள். நிலையத்துல இருந்த 7 பேரும் பூமிக்குத் திரும்புற கலங்களுக்குள்ள போய்ப் பதுங்கினாங்க. அதுல 2 பேர் ரஷ்யர்கள்! (ப்ரொடக்‌ஷன் சர்வர்ல டெஸ்ட் பண்ற கதைதான் :-))

நாம மட்டும் யோக்கியமா? 2019 மார்ச் 27, மிஷன் சக்தி. சுமார் 300 கி.மீ. உயரத்துலதானே உடைக்கிறோம், சீக்கிரம் விழுந்துடும்னாங்க. பெரும்பாலும் விழுந்துச்சு, சரி. ஆனா 400 கி.மீ.ல சுத்துற நிலையத்தையும் தாண்டி 24 துண்டு மேல போச்சுன்னு நாசா சொல்லுச்சு. நொடிக்கு 7 கி.மீ. வேகத்துல ஒரு போல்ட் வந்தா போதாதா?

2022 டிசம்பர்ல, இந்த மாதிரி சோதனையே வேண்டாம்னு ஐ.நா.வில் தீர்மானம் வந்தப்ப இந்தியா ஓட்டுப் போடாம ஒதுங்கிக்கிச்சு. சீனா 2007-லயே செஞ்சுடுச்சு, நமக்கும் பலம் வேணும்ங்கிற வாதம் புரியுது. அதான் காட்டியாச்சே! நம்ம ஆளுங்க அங்க குடியேறுறதுக்கு முன்னாடி, இனி உடைக்க மாட்டோம்னு நாமளே அறிவிச்சுடணும்ங்கிறது என் கட்சி.