எழுதி வைக்காத கணிப்பொறியை நம்பலாமா?

நமது சங்கத்தின் சந்தாக் கணக்கு நோட்டுப் புத்தகத்திலிருந்து கணிப்பொறிக்கு மாறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேலை தெரிந்த இரண்டு இளைஞர்கள் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து, காசு வாங்காமல் எழுதிக் கொடுத்த மென்பொருள் அது. அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் சென்ற பொதுக்குழுவில் நடந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று குடும்பத்தார் பணம் கட்டிவிட்டதாகச் சொன்னார்கள். கணிப்பொறியில் அவர்கள் பெயருக்கு நேரே 'பாக்கி' என்று இருந்தது. ரசீதை யாரும் பத்திரப்படுத்தவில்லை. பொருளாளர் எழுந்து, "வாங்கியதை எல்லாம் ஏற்றிவிட்டேன்" என்றார். அவரை நான் இருபது ஆண்டுகளாக அறிவேன், கைசுத்தமானவர். இருந்தும் அன்று சிலர் அவரைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அவர் சொன்னது உண்மை என்று காட்ட ஒரு வரி எழுத்து எங்கும் கிடையாது. பொய் என்று காட்டவும் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. மென்பொருள் கணக்குப் போட்டால் மட்டும் போதாது. தான் செய்ததை நேரம் போட்டு எழுதியும் வைக்க வேண்டும். இந்த வழக்கத்தைக் கணிப்பொறித் துறையினர் 'லாகிங்' என்றும், எழுதப்படும் ஏட்டை 'லாக்' என்றும் சொல்கிறார்கள். நம் மென்பொருளில் அது இல்லை. உடனே சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எழுதி வைப்பதில் ரயில்வேக்கு நிகர் ரயில்வேதான். ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜையில் டிரெயின் சிக்னல் ரெஜிஸ்டர் என்று ஒன்று இருக்கும். அடுத்த நிலையத்திடம் லைன் கிளியர் கேட்ட நேரம், கொடுத்த நேரம், வண்டி வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதில் மையால் எழுதப்படும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒரு கோடு இழுத்து, சரியானதை எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். விபத்து என்றால் முதலில் பத்திரப்படுத்தப்படும் பொருள்களில் இந்த ஏடும் ஒன்று. அது எத்தனையோ நேர்மையான ஸ்டேஷன் மாஸ்டர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

பிறகு ரிலே அறைகளில் டேட்டா லாகர் வந்தது. சிக்னல், பாயின்ட், டிராக் சர்க்யூட் எல்லாவற்றின் ரிலேக்களும் எப்போது எழுந்தன, எப்போது விழுந்தன என்பதை அது நேரத்தோடு பதிவு செய்துகொண்டே இருக்கும். ஆனால் அத்தனையையும் திரையில் கொட்டாது. ஃபியூஸ் போனது, பட்டன் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டது போன்றவற்றை மட்டும் அலாரமாகக் காட்டும். எதை அலாரமாகக் காட்டுவது என்பதை நாமே அமைத்துக்கொள்ளலாம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹநாகா பஜாரில் நடந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குப் பிறகு டேட்டா லாகர் என்ற பெயர் செய்தித்தாள் வரை வந்துவிட்டது.

ஓய்வு பெற்ற பின் பொழுது போக வேண்டுமே என்று பைத்தான் மொழி கற்றுக்கொண்டேன். அதில் 'லாகிங்' என்ற பகுதியைப் படித்தபோது பழைய ரிலே அறைக்குள் நுழைந்தது போலவே இருந்தது. இது தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அல்ல. 2003இல் வெளியான பைத்தான் 2.3 பதிப்பிலிருந்து மொழியோடு சேர்ந்தே வருகிறது. நம் சங்க மென்பொருளும் பைத்தானில் எழுதியதுதான்.

அதில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தரம் உண்டு. கீழிருந்து மேலாக டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிக்கல் என்று ஐந்து. "சந்தா ஏற்றப்பட்டது" என்பது இன்ஃபோ. "ஒரே ரசீது எண் இரண்டு முறை வருகிறது" என்பது வார்னிங். "ஏற்ற முடியவில்லை" என்பது எரர். அடுத்து, செய்தி போய்ச் சேரும் இடம். கன்சோல் எனப்படும் திரைக்கு ஒரு வழி, கோப்புக்கு ஒரு வழி என்று இரண்டும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தரம் நிர்ணயிக்கலாம். திரையில் வார்னிங்கும் அதற்கு மேலும் வரட்டும். கோப்பில் இன்ஃபோவிலிருந்து எல்லாம் பதிவாகட்டும். திரை இப்போது வேலை செய்பவருக்கு. கோப்பு நாளை கேள்வி கேட்பவருக்கு.

நம் இளைஞர்கள் 'பிரின்ட்' என்ற கட்டளையால் சில செய்திகளைத் திரையில் காட்டுகிறார்கள். அந்த ஜன்னலை மூடியதும் அவை காற்றோடு போய்விடும். சிலேட்டில் எழுதித் துடைப்பது போலத்தான்.

இன்னொரு விஷயம் மிக முக்கியம். இந்தத் தரங்களை மென்பொருளின் வயிற்றுக்குள் எழுதிவிடக் கூடாது. தனியான ஓர் அமைப்புக் கோப்பில் வைக்க வேண்டும். ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்தால், அந்தக் கோப்பில் 'இன்ஃபோ' என்பதை 'டீபக்' என்று மாற்றி, மென்பொருளை மறுபடி தொடங்கினால் நுணுக்கமான விவரம் எல்லாம் வரும். கோளாறு தீர்ந்ததும் பழையபடி மாற்றிவிடலாம். எழுதிய இளைஞர் புனேக்கோ பெங்களூருக்கோ மாற்றலாகிப் போனாலும் செயற்குழுவில் உள்ளவரே செய்யக்கூடிய காரியம் இது.

"கோப்பு பெருத்துக்கொண்டே போகுமே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அதற்கும் வழி உண்டு. இவ்வளவு பெரிதானதும் புதுக் கோப்பு தொடங்கு, பழையதில் இத்தனையை வைத்துக்கொள் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும். இரண்டில் ஒன்றைப் பூஜ்யமாக விட்டாலும் இந்தச் சுழற்சி நடக்காது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

தமிழ்ச் சங்கத்துக்கென்றே உரிய ஒரு சங்கதியும் இருக்கிறது. உறுப்பினர் பெயர்களை நாம் தமிழில் ஏற்றுகிறோம். கோப்பின் எழுத்து முறை 'யுடிஎஃப்-8' என்று குறிப்பிடாமல் விட்டால், விண்டோஸ் கணிப்பொறியில் பல சமயம் தமிழ் எழுத்தை எழுத முடியாமல் அந்த வரியே கோப்பில் விழாமல் போகும். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

எழுத வேண்டியதைப் போலவே எழுதக் கூடாததும் உண்டு. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களைக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. காரணம், கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் உள் லாக்கில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. ஆகவே நம் லாக்கில் உறுப்பினர் எண், ரசீது எண், தொகை, ஏற்றியவர், நேரம் ஆகியவை போதும். கடவுச்சொல், ஆதார் எண், கைப்பேசி எண் எதுவும் அங்கே வரலாகாது.

மூன்று ரசீதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைப்பவர்கள் இங்கிலாந்துச் செய்தியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே அஞ்சல் துறையின் 'ஹொரைசன்' என்ற கணிப்பொறி அமைப்பு, பணம் குறைவதாகக் கணக்குக் காட்டியது. அதை நம்பி 1999 முதல் 2015 வரை சிறு அஞ்சல் நிலையங்களை நடத்தியவர்கள்மீது வழக்குகள் போடப்பட்டன. 900 பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள். சிலர் சிறை சென்றார்கள். பிழை அமைப்பில்தான் என்பது பிறகு நிலைநாட்டப்பட்டது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024இல் மற்றவர்களுக்காகத் தனிச் சட்டமே இயற்றினார்கள். இதில் வேதனை என்னவென்றால், விரிவான பதிவுகள் இருந்தன. ஆனால் அவை குற்றம் சாட்டியவர்கள் பக்கமே இருந்தன. பல வழக்குகளில் அவற்றை வரவழைத்துப் பார்க்கவில்லை, அல்லது எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவில்லை. லாக் இருந்தால் மட்டும் போதாது, அது இரு தரப்பும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

"இதெல்லாம் பொருளாளரைச் சந்தேகப்படுவது போல ஆகாதா?" என்று கேட்கும் நல்ல மனம் படைத்தவர்களும் நம்மிடையே உண்டு. நான் நேர் எதிராகச் சொல்வேன். சம்பளம் இல்லாமல் சங்கத்துக்கு உழைக்கிறவருக்கு நாம் கொடுக்கக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அவர் நேர்மையை அவரே வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய நிலையில் வைக்காமல் இருப்பதுதான். சாட்சி இல்லாத இடத்தில் நல்லவருக்குத்தான் நஷ்டம்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். சந்தா மென்பொருளில் திரைக்கும் கோப்புக்கும் தனித்தனியாக லாக் அமைக்க அந்த இளைஞர்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு அது ஓரிரு நாள் வேலை. நிறுவனங்கள் லாக்கை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று நம் நாட்டு செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆண்டுச் சந்தா வாங்கும் நாம், தணிக்கை முடியும் வரையாவது வைத்திருப்போம். வாரம் ஒரு முறை அதன் நகலைச் செயலாளரிடமும் தணிக்கையாளரிடமும் கொடுத்து வைப்போம். அடுத்த பொதுக்குழுவில் யாராவது ரசீதைப் பற்றிக் கேட்டால், பொருளாளர் எழுந்து நின்று சத்தியம் செய்ய வேண்டாம். கோப்பைத் திறந்து தேதியையும் நேரத்தையும் படித்தால் போதும்.