சீட்டு ஆங்கிலத்தில்! சாவு தமிழனுக்கா?

நீரிழிவு உடையாரிடம் சருக்கரை ஏறுவதைப் பற்றி மட்டுமே அச்சமூட்டுவர். இறங்குவதைப் பற்றி விளங்கச் சொல்வார் அரியர். ஏற்றம் பல்லாண்டுகள் உடனிருந்து விழித்திரையை அரிக்கும், சிறுநீரகத்தைப் பாழாக்கும், காலை மரக்கச் செய்து, முள் தைத்ததும் அறியாவண்ணம் புண்ணாக்கி, இறுதியில் வெட்டி எறியவும் வைக்கும். இறக்கமோ ஓரிரவில் உயிரைக் குடித்துவிடும். 100 மில்லிலிட்டர் குருதியில் சருக்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே தாழ்ந்தால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். 54-க்கும் தாழ்ந்தால் மூளை பட்டினி கிடக்கும், பேச்சுக் குழறும், நினைவு தப்பும். அவ்வாறு தெருவில் தள்ளாடி விழுந்தவனைக் குடியன் என்று ஒதுங்கிச் செல்வோரும் உளர்!

மூன்று திங்கள் நிரவலைக் காட்டும் ஆய்வும் இதனை மறைத்துவிடும். காலையில் 50, மாலையில் 250, நிரவல் 150. தாளில் குறையொன்றும் தோன்றாது.

இவ்விறக்கம் ஏன் நேர்கிறது? மருந்து வில்லையை விழுங்கிவிட்டு உணவைத் தள்ளிப்போடுவதால் நேர்கிறது. ஊசியின் அளவு பிழைப்பதாலும் நேர்கிறது. நம் நாட்டில் மில்லிலிட்டருக்கு 40 அலகுடைய இன்சுலினும் விற்கிறது. 100 அலகுடையதும் விற்கிறது. முன்னதற்குரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு, பின்னதற்குரியது செம்மஞ்சள். புட்டியின் மேலெழுத்தோ ஆங்கிலம்! 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 20 என்னும் கோடு வரை இழுத்தவள் உடலில் ஏறுவது 50 அலகு. எழுத்தறிந்த தமிழ்மகளையும் எழுத்தறியாதவளாக்கி, இரண்டு நிறங்களை நம்பி உயிர்வாழச் சொல்வது எவ்வகை மருத்துவ அறம்?

மருத்துவம் தமிழில் வாராது என்பர் ஆங்கில அடிமையர். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கரான சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழில் அச்சிட்டும் தந்தார். அயலானுக்கு வந்த தமிழ், தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்த மருத்துவனுக்கு வாராதோ? வீட்டில் பேசும் மொழி சீட்டில் ஏறினால் மதிப்புக் குறையும் என்னும் கீழ்மை எண்ணமே இங்குத் தடை, வேறில்லை.

கலைச்சொல்லாக்கக் குழு கூடும்வரை காத்திருக்கவும் வேண்டா. மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு புட்டியோடும் ஓர் அட்டை தரட்டும். அதில் இவ்வளவு இருந்தால் போதும்: ‘இது 100 அலகு மருந்து, செம்மஞ்சள் மூடிக் குழலையே கொள்க. கை நடுங்கினால் மூன்று சிறுகரண்டிச் சருக்கரையை நீரில் கரைத்து உடனே பருகுக. கால்மணி கழித்துக் குருதியை ஆய்க. தாழ்ந்தே இருப்பின் மீண்டும் பருகுக. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றற்க. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.’