மரமேறிய கைரேகை

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு நடந்த நாட்களில் நம்மில் பலருக்கும் ஒரு மயக்கம் இருந்தது. தமிழ் கணிப்பொறிக்குள் ஏறிவிட்டால் தூரம் என்பதே ஒழிந்துவிடும் என்று நம்பினோம். சென்னையில் எழுதுவதைச் செங்கோட்டையில் இருப்பவர் அன்றிரவே படிப்பார். சிற்றிதழ் தபாலில் தொலைந்துபோகாது. ஊர் நூலகர் மனம்வைத்து வாங்கிப்போட வேண்டிய அவசியமும் இராது. அந்த நம்பிக்கை முழுவதும் பொய்த்துவிடவில்லை. ஆனால் அன்று நாம் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு. கம்பி எவ்வளவு தூரம் போனாலும் ஓரிடத்தில் நிற்கும். அங்கிருந்து கடைசி வீடு வரைக்குமான மிச்ச தூரத்தை யார் நடப்பது?

அதற்கு ஒரு நல்ல விடை அப்போதே நமக்குப் பக்கத்தில் இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றுக்கு நடுவம். தொலைபேசியை நம்ப முடியாத ஊர்களுக்கு ரேடியோ அலைவழித் தொடர்பு. மின்சாரம் போகும் நேரத்துக்குச் சூரிய ஒளித் தகடுகள். மையத்துக்கான இடத்தை ஊரார் தர வேண்டும், தலித் மக்கள் உட்பட எவரும் தடையின்றி வந்துபோகக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. (ஊருக்குக் கம்பி வந்துவிட்டது என்பதாலேயே எல்லாத் தெருவுக்கும் அது வந்துவிட்டதாக ஆகாது என்பதை அறிந்த யாரோ எழுதிய நிபந்தனை.)

வீராம்பட்டினம் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலைகளின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் பேசிப் பதிந்து, ஒலிபெருக்கியில் ஊர் கேட்க ஒலிபரப்பினார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போன மீனவர் யாரும் கணிப்பொறியைத் தொட வேண்டியிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில், அந்தக் கிராமங்களில் ஒன்றான நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் பிழைத்தார்கள். வீடுகளும் படகுகளும்தாம் போயின. அயல்நாட்டு நிதியில் நடந்த சிறிய முயற்சி அது, நாடு முழுவதற்கும் அப்படியே பெருக்கிவிட முடியாது என்று சொல்வார்கள். சொல்லட்டும். நாம் கவனிப்பது ஒன்றைத்தான்: அங்கே மிச்ச தூரத்தை மையம் நடந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இனி ராஜஸ்தானுக்குப் போவோம். உதய்ப்பூர் மாவட்டத்தில் ஆரவல்லி மலைகளுக்கு இடையே கோட்ரா என்றொரு பழங்குடிப் பகுதி. ரேஷன் கடைகளில் கைரேகை இயந்திரம் கட்டாயமான பிறகு அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. ரேகையை ஒப்பிட்டுப் பார்க்க இயந்திரத்துக்கு அலைபேசி சிக்னல் வேண்டும். தரையில் சிக்னல் இல்லை. மரத்தின் மேல் கொஞ்சம் இருந்தது. ஆகவே இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறினார்கள். விரல் வைக்க வேண்டியவர்களும் ஏறினார்கள். 2017 வாக்கில் நாளிதழ்களில் இச்செய்தி படத்தோடு வந்தது. நம்மில் பலர் அதைப் பார்த்துச் சிரித்திருப்போம். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாக்கியது. அந்தச் சட்டத்தில் மரம் ஏறுவது பற்றி எங்கும் ஒரு வார்த்தை இல்லை. எழுபது வயதுக் கிழவி என்ன செய்தாள் என்பது படத்தில் இல்லை.

நாட்டின் நிலை அரசுக்குத் தெரியாத விஷயம் அன்று. 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புற வீடுகளில் 42 சதவீதத்துக்கு இணைய வசதி இருந்தது. கிராமப்புறத்தில் 15 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. கிராமப் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் கண்ணாடி இழை இழுக்கும் திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறி, கெடு மேல் கெடுவாகத் தள்ளிப்போய், 2023 ஆகஸ்டில் மேலும் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்குத் திருத்தி அமைக்கப்பட்டது. கம்பி தாமதமாகலாம். மலையும் காடும் உள்ள நாட்டில் தாமதம் இயல்பே. கம்பி வருமுன்பே, அது வந்துவிட்டதைப் போல விதிகளை எழுதியதைத்தான் ஏற்க முடியவில்லை.

நூறு நாள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களிலும் வருகைப் பதிவு அலைபேசிச் செயலி வழியாகத்தான் என்று ஆக்கினார்கள். ஒரு நாளில் இருமுறை தொழிலாளர்களைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத இடங்களுக்கு விதிவிலக்கு கோரலாம் என்றும் இருந்தது. ஆனால் அதைக் கோரிப் பெற வேண்டிய பாடு அந்த இடத்துக்காரர்களுடையதே. மண் வெட்டியது உண்மை, வரப்பு அங்கே கிடக்கிறது. ஆனாலும் படம் ஏறவில்லையென்றால் அன்றைய கூலி கேள்விக்குறி. முன்பு சிக்னல் இல்லாத ஊர்க்காரருக்கு ஒரு வசதிதான் குறைவாக இருந்தது. இப்போது கூலியே போகிறது.

திருட்டைத் தடுக்கத்தானே இதெல்லாம் என்று கேட்பவர்களைத் தள்ளிவிட முடியாது. போலி அட்டைகளும், வேலை செய்யாதவர் பெயரில் எழுதிய வருகைத் தாள்களும் எங்கும் இருந்தவைதாம். ஆனால் இந்த ஏற்பாட்டில் கடைக்காரர் எடையில் அடிப்பதைக் கைரேகை பார்க்காது. சிக்னல் வராத நாளில் நேர்மையானவரும் வெறுங்கையோடு திரும்புவார். களவுக்குக் காவல் போடுவதானால் அதற்கான சிரமத்தை யாருடைய தலையில் வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும் அல்லவா?

இதில் நம் பங்கும் இருக்கிறது. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது கோவின் தளத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கே ஊசி என்றார்கள். தளம் ஆங்கிலத்தில் இருந்தது. இடங்கள் திறந்த சில நொடிகளில் தீர்ந்துவிடும். வேகமான இணைப்பும் பழகிய விரல்களும் உடைய மும்பைக்காரர்கள் பால்கர் போன்ற பழங்குடி மாவட்டங்களின் மையங்களில் இடம்பிடித்து, காரில் போய்ப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். உள்ளூர்க்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். வேறு ஊர்களிலும் இதே கதை. உச்ச நீதிமன்றம் மே மாத இறுதியில் இதைப் பற்றிக் கடுமையாகக் கேள்வி எழுப்பியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே அரசு மையங்களில் நேரில் பதிந்துகொள்ளலாம் என்று விதி சற்றுத் தளர்ந்திருந்தது. அந்தக் கார்களில் போனவர்கள் கொடியவர்கள் அல்லர். புத்தகம் படிக்கிறவர்கள், வீட்டில் முதியவர்கள் இருக்கிறவர்கள், நம்மைப் போன்றவர்கள். சட்டப்படி சரியாகவே செய்தார்கள். அதனால்தான் அது நம்மை இன்னும் உறுத்துகிறது.

கோபுரங்கள் வரட்டும், கண்ணாடி இழையும் வரட்டும். வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அவை வந்து சேரும்வரை காகிதத்துக்குச் சட்ட மதிப்பு இருக்க வேண்டும். அதுவும் மேலிடத்தில் மனுப்போட்டு வாங்கும் சலுகையாக இல்லாமல், இயந்திரம் வேலை செய்யாத அந்த நிமிடத்திலேயே செல்லுபடியாக வேண்டும். கோட்ராவின் கடைக்காரர் ஏட்டில் கைநாட்டு வாங்கிக்கொண்டு கோதுமையை அளந்து போடட்டும். அந்த ஏட்டைச் சிக்னல் உள்ள ஊருக்குக் கொண்டுபோய் ஏற்றுவது, சம்பளம் வாங்கும் ஓர் அலுவலரின் வேலையாக இருக்கட்டும்.