படகு திரும்பும் இடம்

சென்ற பள்ளி விடுமுறையில், கடல் கடந்து செல்லும் உறவினர் ஒருவரைக் கட்டுநாயக்காவில் வழியனுப்பிவிட்டு, மீளும் வழியில் நீர்கொழும்பிலே இறங்கினேன். ஒல்லாந்தர் கால்வாயில் ஒரு மணித்தியாலம் படகிற் செல்லலாம் என்னும் விளம்பரப் பலகையைப் பஸ்ஸிலிருந்து பல தடவை பார்த்ததுண்டு, ஏறியதில்லை. உல்லாசப் பயணிகளுக்கென்று ஏற்பட்டவற்றைத் தொடுவதில் நம்மவர்க்கு ஒரு கூச்சம் உண்டு. அன்று அதை விட்டொழித்து ஏறினேன்.

படகு கொச்சிக்கடைப் பக்கமாக வடக்கு நோக்கிச் சென்றது. படகோட்டி இயந்திரத்தின் ஓசையைத் தணித்து மெல்லவே செலுத்தினார். இரு கரையிலும் தென்னைகள் நீரை நோக்கிச் சாய்ந்திருந்தன. கண்டல் வேர்களின் மீது கபரகொய்யா ஒன்று வெயில் காய்ந்தது. நீர்க்காகம் ஒன்று இறக்கைகளை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. வீட்டுத் திண்ணையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தினமும் எத்தனையோ பேர் தம்மைப் படமெடுத்துச் செல்வதைக் கண்டு சலித்தவராயிருக்க வேண்டும். அழகான பயணம் என்பதில் ஐயமில்லை.

திரும்புகையில், புறப்பட்ட துறையையும் கடந்து தெற்கே, கால்வாய் நகருக்குள் புகுந்து களப்பைச் சேரும் பகுதிக்குப் போகலாமா என்று கேட்டேன். படகோட்டி தலையசைத்தார். "அங்கால வேண்டாம், மாஸ்டர். வெள்ளைக்காரரையும் நாங்கள் அங்கால கொண்டு போறதில்லை" என்றார். என் தொழிலை நான் சொல்லவில்லை. கையிலிருந்த குடை சொல்லியிருக்கலாம். அவர் தமிழிலே பேசியது என்னை வியப்பிலாழ்த்தவில்லை. சிங்களத்தோடு நெடுங்காலம் கலந்து வழங்குவதால் தனக்கென ஓர் இலக்கணத்தை ஆக்கிக்கொண்ட மீனவர் தமிழ் இவ்வூரில் இன்னும் உண்டு; மொழியியலார் அதை ஆராய்ந்துமிருக்கின்றனர்.

அவர் காட்ட மறுத்ததைப் பிற்பகலில் நடந்து சென்று கண்டேன். நகரத்துச் சாக்கடைகள் கால்வாயில் வாய் திறந்திருந்தன. கட்டிக்கிடந்த மீன்பிடி வள்ளங்களின் இடையே பொலித்தீன் பைகளும் பிளாஸ்ரிக் போத்தல்களும் மீன் கழிவும் ஒன்றாய் மிதந்தன. நீரின் நிறத்தை எழுத மனம் வரவில்லை. காலையில் நான் காசு கொடுத்துப் பார்த்த கால்வாயும் இதுதான். படகு திரும்பும் இடத்துக்கு அப்பால் உள்ளது விளம்பரத்தில் இல்லை, அவ்வளவே.

விளம்பரத்தில் உள்ள பெயரும் முழு உண்மையன்று. 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்தை ஆண்ட வீர பராக்கிரமபாகுவின் காலத்திலேயே, பாக்கும் கறுவாவும் மிளகும் நீர்கொழும்புத் துறைக்கு வந்துசேர வாய்க்கால்கள் வெட்டப்பட்டன என்பர். ஒல்லாந்தர் அவற்றை விரித்தும் இணைத்தும் புத்தளத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஒரு நீர்ப்பாதையை அமைத்தனர். நீர்கொழும்பில் அவர்கள் கட்டிய கோட்டையின் வாயில் 1678 என்னும் ஆண்டைத் தாங்கி இன்றும் நிற்கிறது. உள்ளே இருப்பது சிறைச்சாலை. களப்பின் தெற்கே கடலோரமாகச் செல்லும் 14.5 கிலோமீற்றர்ப் பகுதியோ, 1802 முதல் 1804 வரை ஆங்கிலேயர் வெட்டியது. வருமான அதிகாரியாயிருந்த கவின் ஹமில்ற்றனின் பெயரே அதற்கு உரியது. முத்துராஜவெலச் சதுப்பில் ஏறிய உப்புநீரை வடித்து, ஒரு காலத்தில் நெல் விளைந்த அந்நிலத்தை மீட்பதே அவர்கள் எண்ணம். நடந்தது மறுதலை: நீர் வடிய வெட்டிய வழியே கடல்நீர் உள்ளே வந்தது. வயல் வயலாகவில்லை.

ஆனால் வேறொன்று வாழ்ந்தது. சதுப்பும் களப்பும் சேர்ந்த ஏறத்தாழ 6,000 ஹெக்டேயர் பரப்பு, மழை வெள்ளத்தைத் தேக்கி மெல்ல விடுவதாயும், இறாலுக்கும் மீனுக்கும் பிறப்பிடமாயும் நிலைத்தது. சதுப்பின் வடபகுதி 1996இல் சரணாலயமாக்கப்பட்டது. அங்கும் படகுச் சவாரி உண்டு. பறவை பார்க்க விரும்புவோர் அதிகாலையில் அதையே நாடுகின்றனர்.

பழைய நாளில் இக்கால்வாயில் ஓடியவை சரக்கேற்றும் தட்டை ஓடங்கள். ஓலைக் கூரை வேய்ந்து, கழி ஊன்றியும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் மனிதர் செலுத்தியவை. புத்தளத்து உப்பு கொழும்பை அடைந்ததும் அவ்வோடங்களிலேதான். புகையிரதமும் லொறியும் வந்தன. சரக்கு தண்ணீரை விட்டுப் போயிற்று. பயன் போன நீர்நிலைக்கு நம் ஊர்களில் என்ன நேருமென்று வாசகர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டின் முற்றமாயிருந்த வாய்க்கால் கொல்லைப்புறமாகிவிடும்.

இந்நிலையில்தான் உல்லாசச் சவாரியை நான் எளிதில் இகழ மாட்டேன். சரக்கு ஒழிந்தபின் இக்கால்வாயின் தூய்மைக்கு விலை கொடுக்கக்கூடிய தொழில் இரண்டே: ஒன்று மீன்பிடி, மற்றது இது. விமான நிலையம் அருகிலிருப்பதால், வந்திறங்குவோரும் புறப்படுவோரும் அரை நாளை இங்கே கழிக்கின்றனர். குறுகிய சவாரி அவர்களுக்கென்றே அமைந்தாற்போன்றது. அத்தொழில் எவ்வளவு மெலிந்தது என்பதையும் அண்மைய ஆண்டுகள் காட்டின. 2019 உயிர்த்த ஞாயிறன்று கட்டுவாப்பிட்டிய தேவாலயத்தில் குண்டு வெடித்தது, 2020இல் பெருந்தொற்று, 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்ரிக் மணிகள் இக்கரையெங்கும் ஒதுங்கின, 2022இல் எரிபொருளே இல்லை. படகுகள் கரையேறிக் கிடந்தன. அந்த ஆண்டுகளில் மீனுக்குப் போய்ப் பிழைத்தேன் என்றார் என் படகோட்டி. ஆகவே மீனவர் வேறு, சவாரிக்காரர் வேறு என்று கோடு கிழிப்பதும் பொருந்தாது.

ஆயினும் பிணக்கு இல்லாமலில்லை. விரைந்து செல்லும் சவாரிப் படகின் அலை, கட்டியிருக்கும் வள்ளங்களை ஒன்றோடொன்று மோதவைக்கிறது என்பது கரையிலுள்ளோர் குறை. கரையில் கட்டியுள்ள வள்ளங்களே வழியை அடைக்கின்றன என்பது மற்றவர் குறை. தீர்ப்பவர் யார்? சரணாலயம் வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு; மீன்பிடி கடற்றொழில் திணைக்களத்தின் பொறுப்பு; சாக்கடை உள்ளூராட்சியின் பொறுப்பு. நீரோ இம்மூன்றையும் அறியாமல் ஓடுகிறது.

விடையைத் தேடி வெளிநாட்டு நிபுணரை அழைப்பதற்கு முன், இவ்வூர்க் களப்பின் வாயை ஒருமுறை பார்க்கலாம். அங்கே 'கட்டுடெல்' எனப்படும் கட்டுவலைத் தொழில் உண்டு. வற்றுநீரோடு கடலுக்குத் திரும்பும் இறாலை இரவில் மறித்துப் பிடிக்கும் முறை இது. நல்ல இடங்கள் சில, உரியவர் பலர். ஆகவே நான்கு மீனவர் சங்கங்கள் தம்முள் நாட்களைப் பங்கிட்டு, எவர் எங்கே வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கின்றன. தலைமுறை தலைமுறையாக வந்த இவ்வழக்கத்தை 1958ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சட்டமாகவும் ஏற்றன. ஓடும் நீரைச் சண்டையின்றிப் பங்கிடக் கற்ற ஊர் இது.

அம்முறையைக் கால்வாய்க்கும் நீட்டுவதில் என்ன தடை? சவாரிப் படகுகளுக்கு முறைநாள் வைக்கலாம். வேகத்துக்கு எல்லை இடலாம். ஒவ்வொரு சவாரிக் கட்டணத்திலும் ஒரு பங்கைக் கால்வாய் துப்புரவுக்கென எடுத்து, மீனவர் சங்கமும் படகுக்காரரும் சேர்ந்த ஒரு குழுவிடம் ஒப்படைக்கலாம். இரு தொழிலுக்கும் இடமுள்ள குழுவாய் இருப்பது முக்கியம். அதிகாரிகள் மட்டும் கூடும் குழுவானால், கரையிலே புதிய கல்லிருக்கைகளும் மின்விளக்குகளும் தோன்றும். சாக்கடை வாய் திறந்தபடியே இருக்கும். கரையை அழகாக்குவது நீரைத் தூய்மையாக்குவதை விட எளிது. திறப்பு விழாவுக்கும் உகந்தது.

மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் என் படகோட்டியை மறுபடியும் கண்டேன். பயணப் பெட்டிகளோடு இருவர் வந்து நின்றனர். எவ்வளவு தூரம் போகலாம் என்று அவர்கள் கேட்க, அவர் வடக்கே கையைக் காட்டினார்.