காலடி படாத தீவுகளா?

குடும்பத்தோடு பாய்மரப் படகேறித் தீவு தீவாகச் சுற்றிவந்த கதைகள் இன்று பயண எழுத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றின் மகிழ்ச்சியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையை ஒட்டிய விட்சண்டே தீவுக்கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 74 தீவுகள். மாலுமியில்லாமலே படகை வாடகைக்கு எடுக்கலாம், உரிமம்கூட வேண்டியதில்லை. சில மணி நேரப் பாடம் கேட்டுவிட்டுப் பெற்றோர் சுக்கான் பிடிக்கிறார்கள். பிள்ளைகள், சொறிமீன் தீண்டாதிருக்க உடலை ஒட்டிய மெல்லுடை அணிந்து, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயுமாக நீரில் முகம் கவிழ்க்கிறார்கள். அந்த முதல் பார்வையின் வியப்பு பொய்யானதல்ல.

நம்மை உறுத்துவது, இவ்வகைக் கட்டுரைகளில் தவறாமல் வந்துவிடும் ஒரு சொற்றொடர்: ‘மனிதக் காலடி படாத தீவுகள்.’

இந்தத் தீவுகள் ஙாரோ மக்களின் நிலம். (ஙகரத்தில் தொடங்கும் இப்பெயரை எழுத ஆங்கிலத்துக்கு இரண்டு எழுத்துகள் வேண்டும், நம்மிடம் நெடுங்காலமாக வேலையற்றிருக்கும் ஓர் எழுத்தின் வரிசையே போதுமானது.) ஹூக் தீவின் நாரா கடற்கழியில் அவர்கள் தங்கிய பாறைக்குடை இருக்கிறது. அங்கே ஓவியங்கள் உள்ளன; உண்டு எறிந்த சிப்பிகளின் குவியலும் உள்ளது. ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்பே இப்பகுதியில் மனிதர் வாழ்ந்ததற்கு அதுவே சான்று. மரப்பட்டைகளை இணைத்துக் கட்டிய ஓடங்களில் அவர்கள் தீவுக்குத் தீவு சென்றார்கள். ஆமையும் மீனும் பிடித்தார்கள். தென் மோல் தீவில் கல் வெட்டியெடுத்துக் கருவிகள் செய்தார்கள். அந்த ஓடங்களில் குழந்தைகளும் பாட்டிமாரும் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. குடும்பக் கடற்பயணம் அங்கே புதிய கண்டுபிடிப்பன்று.

1770 ஜூனில் இவ்வழியே வந்த கேப்டன் குக், கிறித்தவத் திருநாளொன்றின் பெயரை இந்நீர்வழிக்குச் சூட்டினார். இன்றைய நாட்கணக்கின்படி அன்று ஞாயிறல்ல, திங்கள் என்பது வேறு கதை. அவர்கூட இங்கே ஆளில்லை என்று எழுதவில்லை. கடற்கரையில் மனிதரையும், பக்கமிதவை கட்டிய ஓடமொன்றையும் கண்டதாகத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடியேறிகளின் துப்பாக்கிகளும் காவற்படையும் வந்த பிறகே தீவுகள் வெறுமையாயின. இன்று நாம் ரசிக்கும் தனிமை, ஆட்கள் அகற்றப்பட்ட இடத்தின் தனிமை.

நீருக்கடியிலும் இதே மறதிதான். 2017 மார்ச்சில் வீசிய டெபி புயல் ஹூக் தீவின் வடக்கு விரிகுடாக்களில் பவளங்களை நொறுக்கிப் போட்டது. பெரும் பவளத்திட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2016 முதல் 2024 வரை ஐந்து முறை பேரளவில் வெளிறியது. ஆயினும் நம் கட்டுரைகளில் பல, பழைய விளம்பரத்தாளின் வண்ணங்களையே கடன்வாங்குகின்றன. உடைந்த பவளத்தையும், அதன்மேல் துளிர்க்கும் புதிய கிளையையும் பார்த்த சிறுமி என்ன கேட்டாள் என்று ஒருவராவது எழுதினால் நாம் ஆவலோடு படிப்போம்.

நாரா கழியில் நங்கூரமிடும் படகிலிருந்து அந்தப் பாறைக்குடைக்குச் சிறிது தூரம் ஏறி நடந்தால் போதும். அதே கழியின் பாறைகளில் பிற்காலப் படகோட்டிகள் தங்கள் படகுகளின் பெயர்களைத் தீட்டிச் சென்றிருக்கிறார்கள். எழுத உட்காருமுன், இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வரலாம்.